வயிற்றுப் பயிற்சியில் கழுத்தை எங்கே வைப்பது?

மல்லாந்து படுத்துத் தலையையும் தோள்களையும் தூக்கும் கிரஞ்ச் என்ற வயிற்றுப் பயிற்சியைச் செய்யத் தொடங்கிய முதல் வாரத்தில் பலருக்கு வயிறு வலிப்பதற்கு முன்பே கழுத்து வலித்துவிடுகிறது. எட்டுப் பத்துத் தடவை எழுவதற்குள் தொண்டையின் இரு பக்கமும் விறைத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கவே கஷ்டமாக இருக்கும். வயிற்றில் வலுவில்லை என்று நினைத்து எண்ணிக்கையைக் கூட்டுவார்கள்; கழுத்து வலியும் சேர்ந்து கூடும்.

பெரும்பாலும் கோளாறு தலையைத் தூக்கும் விதத்தில் இருக்கிறது. மோவாய் எங்கே நிற்கிறது, கண் எங்கே பார்க்கிறது, கைகள் தலையைத் தாங்குகின்றனவா இழுக்கின்றனவா என்று மூன்றையும் கவனித்தால் அதே பயிற்சியில் வயிறு நன்றாக உழைக்கும், கழுத்து அதிகம் களைக்காது. மனதில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: கழுத்து முதலில் நிலைகொள்ள வேண்டும், பிறகு விலா எலும்புக்கூடு எழும்போது தலை அதனுடன் சேர்ந்து வரவேண்டும். தலை முன்னால் ஓடி மார்பை இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

எந்தத் தசை என்ன செய்கிறது

பெரியவர் ஒருவரின் தலை ஏறக்குறைய 4.5 முதல் 5 கிலோ இருக்கும். மல்லாந்து படுத்து, கைத்தாங்கல் இல்லாமல் தலையைத் தரையிலிருந்து எடுத்த உடனே அந்த எடை முழுவதும் கழுத்தின் முன்பக்கத் தசைகள் மேல் விழுகிறது. கழுத்து தரைக்கு இணையாக இருக்கும்போது சுமை மிக அதிகம். உடல் எழ எழக் குறையும். எனவே கழுத்தைப் பொறுத்தவரை கிரஞ்சில் கடினமான இடங்கள் இரண்டு: எழும்போது முதல் சில சென்டிமீட்டர், இறங்கும்போது கடைசிச் சில சென்டிமீட்டர். கழுத்து பிசகுவதும் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

கழுத்தின் முன்பக்கத்தில் இரண்டு அடுக்குத் தசைகள் இருக்கின்றன. மேலடுக்கில் முக்கியமானது ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட். காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முண்டிலிருந்து கீழிறங்கி மார்பெலும்பின் மேல்முனையிலும் காறை எலும்பின் உள்முனையிலும் ஒட்டிக்கொள்ளும் நீளமான தசை இது. தலையை இடப்பக்கம் திருப்பிக் கண்ணாடியில் பார்த்தால் வலப்பக்கத் தசை தோலுக்கடியில் புடைத்து நிற்பது தெரியும். ஆழ்ந்த அடுக்கில் லாங்கஸ் கோலை, லாங்கஸ் கேப்பிடிஸ் என்ற மெல்லிய தசைகள் தொண்டைக்குப் பின்னால், கழுத்து முள்ளெலும்புகளின் முன்பரப்பை ஒட்டியே ஓடுகின்றன. மொத்தம் 7 கழுத்து முள்ளெலும்புகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக நிறுத்தி வைப்பது இந்த ஆழ்ந்த அடுக்கின் வேலை.

இரண்டு அடுக்கும் ஒன்றாக வேலை செய்தால் தொந்தரவில்லை. ஆழ்ந்த அடுக்கு பலவீனமாக இருந்து மேலடுக்கு மட்டும் இழுத்தால்தான் சிக்கல். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட் இருபக்கமும் சேர்ந்து சுருங்கும்போது கழுத்தின் கீழ்ப்பாதி முன்னால் வளையும், மேல்பாதி பின்னால் மடியும். விளைவு, மோவாய் கூரையை நோக்கித் துருத்திக்கொள்ளும். புதிதாகக் கிரஞ்ச் செய்பவர்களைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இந்தத் துருத்தல்தான் முதலில் கண்ணில் படும். மண்டையோட்டின் அடியில் இருக்கும் சிறு தசைகள் இதில் நசுங்குவதால் சிலருக்குப் பயிற்சிக்குப் பிறகு பிடரியில் தலைவலியும் வரும்.

இப்போது வயிற்றுக்கு வருவோம். ‘சிக்ஸ் பேக்’ என்று எல்லோரும் சொல்லும் ரெக்டஸ் அப்டாமினிஸ் தசை, இடுப்பின் முன்னெலும்பில் தொடங்கி மார்பெலும்பின் கீழ்நுனியிலும் 5, 6, 7ஆம் விலாக் குருத்தெலும்புகளிலும் முடிகிறது. அதற்கு மேல் போகவில்லை. கழுத்தை எவ்வளவு மடித்தாலும் இந்தத் தசை அதனால் சுருங்கிவிடாது. விலா எலும்புக்கூடு இடுப்பை நோக்கி நெருங்கினால்தான் சுருங்கும்.

ஆனாலும் கழுத்துக்கும் வயிற்றுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. கழுத்துத் தசை மார்பெலும்பை மேலிருந்து பிடித்திருக்கிறது, வயிற்றுத் தசை கீழிருந்து பிடித்திருக்கிறது. தலையைத் தூக்கும்போது கழுத்துத் தசை மார்பெலும்பை மேலே இழுக்கும். அது அசையாமல் இருக்க வயிற்றுத் தசை கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் தலையை மட்டும் தூக்கினாலே வயிறு இறுகுகிறது. மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தியே வயிற்றுச் சுவரைச் சோதிக்கிறார்கள். வயிற்றுவலி உள்ளுறுப்பிலா, வயிற்றுச் சுவரிலா என்று அறிய, படுத்தவரைத் தலையையும் தோளையும் தூக்கச் சொல்லி அழுத்திப் பார்க்கும் கார்னெட் சோதனை 1926 முதல் இருந்து வருகிறது. பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசைகள் நடுவில் விலகியிருக்கின்றனவா என்று பார்ப்பதும் தலையைத் தூக்கச் சொல்லித்தான்.

தசைகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை ஆய்வுக்கூடங்களில் ஈஎம்ஜி கருவியால் அளப்பார்கள். தோலின் மேல் மின்முனைகளை ஒட்டி, தசையின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்து, அந்தத் தசையால் முடிந்த உச்சச் சுருக்கத்தில் இது எத்தனை சதவீதம் என்று சொல்வார்கள். வயிற்றுத் தசையின் அளவும் கழுத்து மேலடுக்கின் அளவும் இந்த முறையில் எளிதாகக் கிடைக்கும். ஆழ்ந்த கழுத்துத் தசைகளைத் தோல்வழியாக அளக்க முடியாது. அதனால் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூக்கு வழியாக மின்முனையைச் செலுத்தி, தொண்டையின் பின்சுவரில் பொருத்தி அளந்தார்கள். இப்படிப்பட்ட எண்களைப் படிக்கும்போது வயிற்றின் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு கழுத்து நிலையில் வயிறு சற்றுக் கூடுதலாக உழைத்து, கழுத்து பல மடங்கு உழைத்தால் புதியவருக்கு அது நல்ல பேரம் இல்லை. கழுத்து முதலில் களைத்துப்போகும், வயிறு பாதி வேலையோடு நின்றுவிடும்.

நான்கு நிலைகள்

முதலாவது நடுநிலை. நிமிர்ந்து நின்று நேராகப் பார்க்கும்போது தலை எப்படி இருக்கிறதோ அதே நிலை படுத்திருக்கும்போதும். தலை தரையில் இருக்கும் பயிற்சிகளுக்கும், குப்புற இருந்து முன்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க் வகைப் பயிற்சிகளுக்கும் இதுதான்.

இரண்டாவது இலேசான தலையசைப்பு. ‘ஆமாம்’ என்று மெல்லத் தலையாட்டுவதுபோல் மோவாய் ஓரிரு சென்டிமீட்டர் தொண்டையை நோக்கி இறங்கும். பிடரி நீண்டதுபோல் இருக்கும். ஆழ்ந்த அடுக்கு வேலைக்கு வருவது இந்த அசைவில்தான். தலையைத் தூக்கிச் செய்யும் எல்லாப் பயிற்சிக்கும் தொடக்கநிலை இது. மோவாய்க்கும் மார்பெலும்புக்கும் இடையே உங்கள் கைமுஷ்டி ஒன்று நுழையும் இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, மோவாயை மார்பில் அழுத்துவது. வயிற்றை நன்றாகச் சுருக்குகிறோம் என்ற உணர்வைத் தரும், ஏனென்றால் முகம் முழங்காலை நெருங்கிவிடும். ஆனால் நெருங்கியது தலைதான், விலா எலும்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். கழுத்தின் பின்பக்கத் தசைநார்கள் முழுதாக நீட்டப்பட்ட நிலையில் கையாலும் இழுத்தால் அவற்றுக்கும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளுக்கும் வீண் அழுத்தம்.

நான்காவது, மோவாய் துருத்திய நிலை. மேலே சொன்ன மேலடுக்குத் தசையின் ஆதிக்கம். தலை பின்னால் மடியும்போது மார்புப் பகுதியும் விரிந்து நிமிர முயலும். வயிற்றுத் தசை அதை எதிர்த்து வளைக்க வேண்டியிருக்கும். நான்கில் மிகவும் தவிர்க்க வேண்டியது இதுதான்.

எழுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பாய் அல்லது யோகா மேட், ஒரு பெரிய துவாலை, ஒரு சிறிய துவாலை போதும். மெத்தையில் செய்ய வேண்டாம். தலை அமிழ்வதால் கழுத்தின் நிலையை உணர முடியாது.

முழங்கால்களை மடக்கி, பாதங்களை இடுப்பகலத்தில் ஊன்றி மல்லாந்து படுங்கள். பக்கவாட்டிலிருந்து யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கைபேசியைத் தரைமட்டத்தில் வைத்துப் படமெடுங்கள். நெற்றியும் மோவாயும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மோவாய் நெற்றியைவிட உயரமாக இருந்தால் மேல்முதுகில் கூன் இருக்கிறது அல்லது மார்புத் தசைகள் இறுகியிருக்கின்றன என்று பொருள். நாள் முழுவதும் உட்கார்ந்து வேலை செய்பவர்களில் இது மிகச் சாதாரணம். சிறு துவாலையை 2 முதல் 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு மடித்துத் தலைக்கடியில் வையுங்கள், மட்டம் சரியாகும். இதைச் செய்யாமல் தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் துருத்திய நிலையிலிருந்தே எழுவீர்கள்.

அடுத்தது தலையசைப்புப் பழக்கம். தலையின் எடை முழுவதும் தரையிலேயே இருக்கட்டும். நாக்கை மேலண்ணத்தில் இலேசாக வைத்து, பற்களைக் கடிக்காமல் உதடுகளை மூடுங்கள். மெதுவாக ‘ஆமாம்’ அசைவு. தலையின் பின்பகுதி தரையில் சற்று மேல்நோக்கி வழுக்கும், தரையை விட்டு எழாது. 10 விநாடி அப்படியே பிடித்து, பிறகு தளர்த்துங்கள். 10 தடவை. செய்யும்போது ஒரு கையின் இரண்டு விரல்களைக் கழுத்தின் ஒரு பக்கத் தசைமேல் மென்மையாக வைத்திருங்கள். தசை மென்மையாகவே இருந்தால் ஆழ்ந்த அடுக்கு வேலை செய்கிறது. கெட்டியாகிவிட்டால் பலத்தைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தவே கூடாது. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன, அழுத்தினால் தலைசுற்றலாம்.

பிசியோதெரபிஸ்டுகள் இதே அசைவைக் கழுத்துக்கடியில் காற்றுப்பை வைத்து அளப்பார்கள். பையின் அழுத்தத்தை 20 மில்லிமீட்டர் பாதரசத்தில் தொடங்கி, தலையசைப்பால் மட்டும் 22, 24 என்று இரண்டிரண்டாக 30 வரை ஏற்றச் சொல்வார்கள். அவ்வளவு நுட்பமான அசைவு இது. வீட்டில் கருவி இல்லாவிட்டாலும் அந்த நிதானம் இருந்தால் போதும்.

மூன்றாவதாக ஒரு சின்னச் சோதனை. தலையசைத்த நிலையைப் பிடித்தபடி தலையை 2 முதல் 3 சென்டிமீட்டர் மட்டும் தூக்கி நிறுத்துங்கள். தொண்டைத் தோலில் மடிப்புக் கோடுகள் தெரியும். அந்த மடிப்பு விரிந்துபோனாலோ, மோவாய் மேலேறினாலோ, தலை நடுங்கினாலோ சோதனை முடிந்தது. 10 விநாடிகூட நிற்கவில்லை என்றால் கைத்தாங்கல் இல்லாத கிரஞ்சை இப்போதைக்குத் தொட வேண்டாம். 20 விநாடி தாண்டினால் கழுத்து தயாராக இருக்கிறது. வலி வந்தால் எண்ணாமல் தலையை இறக்கிவிடுங்கள்.

கிரஞ்ச், படிப்படியாக

1. மேற்சொன்னபடி படுங்கள். விரல் நுனிகளைத் தலையின் பின்பக்கம், காதுகளுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். விரல்களைக் கோத்துக்கொள்ள வேண்டாம். முழங்கைகள் பக்கவாட்டில் விரிந்து, கண்ணின் ஓரத்தில் மட்டும் தெரிய வேண்டும்.

2. தலையின் எடையைக் கைகளில் விடுங்கள். கழுத்தைத் தளர்த்தினால் கையில் பாரம் ஏறுவது தெரியும். பாரம் ஏறவில்லை என்றால் கழுத்து இன்னும் விடவில்லை.

3. மூக்கால் மூச்சிழுங்கள். மூச்சு விடத் தொடங்கும்போது முதலில் தலையசைப்பு, அதன்பின் தலை, அதன்பின் தோள்பட்டை எலும்புகள். வரிசை மாறக் கூடாது.

4. மார்பெலும்பின் கீழ்நுனி தொப்புளை நோக்கிச் சரிவதாக நினையுங்கள். ‘எழ வேண்டும்’ என்று நினைத்தால் தலை ஓடும்; ‘விலா இறங்க வேண்டும்’ என்று நினைத்தால் வயிறு சுருங்கும். இந்த ஒரு நினைப்பு மாற்றமே பலருக்குப் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

5. பார்வை கூரையில் தொடங்கி, உடல் வளைய வளையச் சரிந்து, உச்சத்தில் கூரையும் எதிர்ச்சுவரும் சேரும் விளிம்புக்கு வர வேண்டும். ‘கூரையையே பாருங்கள்’ என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். மோவாயை மார்பில் அழுத்துபவர்களுக்கு அது உதவும். ஆனால் கடைசிவரை ஒரே புள்ளியைப் பார்த்தால் உடல் எழும்போது கழுத்து பின்னால் மடிந்துகொண்டே போகும். ஒரு தவறு போய் இன்னொன்று வந்துவிடும்.

6. தோள்பட்டை எலும்புகள் தரையை விட்டு எழுந்தால் போதும். ஏறத்தாழ 30 டிகிரி வளைவு. அதற்கு மேல் எழுவது இடுப்பு மூட்டில் நடக்கும் அசைவு, தொடையைத் தூக்கும் தசைகளின் வேலை. உச்சத்தில் 1 விநாடி நிறுத்துங்கள்.

7. இறங்க 3 விநாடி. முதலில் கீழ் விலாக்கள், பிறகு தோள்பட்டை எலும்புகள், தலை கடைசியில். தலை தரையைத் தொடும்வரை தலையசைப்பை விடாதீர்கள். தோள் தொட்டவுடன் தலையைத் ‘தொப்’ என்று விடுவதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. விழும் தலையைக் கழுத்து ஒவ்வொரு தடவையும் திடீரென்று பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

8. தலையைத் தரையில் வைத்து ஒரு முழு மூச்சு. பிறகு அடுத்தது. தொடக்கத்தில் 8 தடவை சேர்ந்தது ஒரு செட்; அப்படி 2 செட், நடுவில் ஒரு நிமிட ஓய்வு.

செட் எப்போது முடிகிறது என்பதை எண்ணிக்கை முடிவு செய்யக் கூடாது. மோவாய் நிலை மாறிய தடவைதான் கடைசித் தடவை. ஐந்தாவதிலேயே மாறினால் அன்றைக்கு ஐந்து போதும்.

கைகளை எங்கே வைப்பது

கைகளை உடலோடு ஒட்டித் தொடைப்பக்கம் நீட்டினால் வயிற்றுக்குச் சுமை குறைவு. மார்பில் குறுக்காகக் கட்டினால் சற்றுக் கூடும். தலைக்குப் பின்னால் வைத்தால் இன்னும் கூடும். தலைக்கு மேலே நீட்டினால் மிகக் கடினம். கையின் எடை இடுப்பிலிருந்து தூரமாகப் போகப் போகச் சுமை ஏறும், அவ்வளவுதான் கணக்கு.

கழுத்தின் கணக்கு இதற்கு நேர்மாறாக இருப்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். கைகள் தொடைப்பக்கமோ மார்பிலோ இருந்தால் தலையைத் தாங்க யாருமில்லை, முழு எடையும் கழுத்துக்கு. ‘எளிதான’ கை நிலையில் தொடங்கியவர்களுக்குக் கழுத்து அதிகமாக வலிப்பது இதனால்தான். தலைக்குப் பின்னால் கை வைத்தால் வயிற்றுக்குக் கூடுதல் வேலை, கழுத்துக்கு ஓய்வு, ஆனால் கை இழுக்காமல் இருக்கும்வரை மட்டுமே. இழுக்கும் பழக்கத்தை விட முடியவில்லை என்றால் விரல் நுனிகளை நெற்றிப்பொட்டில் வைத்து ஒரு வாரம் செய்யுங்கள். அங்கிருந்து தலையை முன்னால் இழுக்க முடியாது. தாங்கலும் கிடைக்காது என்பதால் எண்ணிக்கையைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு நாங்கள் முதலில் பரிந்துரைப்பது துவாலை முறை. பெரிய துவாலையை நீளவாக்கில் விரித்து, நடுமுதுகிலிருந்து தலைக்கு மேல்வரை வருமாறு அதன்மேல் படுங்கள். தலைக்கு மேலுள்ள இரு முனைகளையும் இரு கைகளால், காதுக்கு அருகில் பிடியுங்கள். துவாலை விறைப்பாக இருக்கட்டும். தலை ஒரு தூளியில் கிடப்பதுபோல் முழு எடையோடு கிடக்க வேண்டும். எழும்போது தலையும் மேல்முதுகும் ஒரே துண்டாக எழும். கையை மடக்கித் துவாலையை முன்னால் இழுக்காதீர்கள், முழங்கையின் மடிப்புக் கோணம் மாறக் கூடாது. கழுத்து இல்லாமல் வயிறு மட்டும் உழைத்தால் எப்படியிருக்கும் என்பதை இந்த முறை ஒரே நாளில் காட்டிவிடும்.

என்ன பிசகினால் எங்கே தெரியும்

தொண்டையின் இரு பக்கமும் எரிச்சலோடு களைத்தால் மேலடுக்குத் தசை அதிகமாக உழைக்கிறது. துவாலை முறைக்குத் திரும்புங்கள். பிடரியின் அடியில் இறுக்கமும் தலைவலியும் வந்தால் மோவாய் துருத்துகிறது. தலையசைப்பும் தலைக்கடித் துவாலையும் தேவை. கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில், பின்பக்கம் வலித்தால் கை இழுக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். தாடை வலித்தால் பற்களைக் கடிக்கிறீர்கள். தோள் காதை நோக்கி ஏறி, கழுத்தின் பக்கம் இறுகினால் பெரும்பாலும் மூச்சை அடக்குகிறீர்கள். எழும்போது வாயால் ஊதிவிட்டுப் பாருங்கள்.

முதல் செட்டில் எல்லாம் சரியாக இருந்து இரண்டாவதில் கழுத்து வலித்தால் முறையில் தவறில்லை, தாங்கும் திறன் தீர்ந்துவிட்டது. இரண்டாவது செட்டைத் தலை தரையிலேயே இருக்கும் பயிற்சியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்றப் பயிற்சிகளில்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பு இயக்கவியல் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரப்பிய கர்ல்-அப், கழுத்து நிலையைக் கற்க மிகச் சிறந்த பயிற்சி. ஒரு காலை நீட்டி, மறுகாலை மடக்கி, இரு கைகளையும் கீழ்முதுகின் வளைவுக்கடியில் வைத்துப் படுக்க வேண்டும். தலையும் கழுத்தும் மார்புக்கூட்டோடு பூட்டப்பட்டதாக நினைத்து, மேல்முதுகை மட்டும் மிகச் சிறிதளவு தூக்க வேண்டும். தலை தரையை விட்டு எழுந்தால் போதும். 7, 8 விநாடி நிறுத்தி இறக்குங்கள். 10 விநாடியைத் தாண்டத் தேவையில்லை. அசைவு சிறியதாக இருப்பதால் கழுத்து ஏமாற்ற இடமே இல்லை. கைத்தாங்கல் கிடையாது என்பதால் முன்பு சொன்ன தலைதூக்கும் சோதனையில் தேறியவர்களுக்கு மட்டும்.

சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றி மடக்கி, உடலைத் திருப்பும் சைக்கிள் கிரஞ்சில் முழங்கையை முழங்காலில் தொட வைக்கும் ஆசையே கழுத்தைக் கெடுக்கிறது. தொட வேண்டியதில்லை. மூக்கும் மார்பெலும்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி மார்புக்கூட்டைத் திருப்புங்கள். முழங்கை எங்கே வருகிறதோ அங்கே வரட்டும்.

கால்களைத் தூக்கும் பயிற்சிகளில் தலை தரையில் இருக்கும், ஆனாலும் கழுத்து உளவு சொல்லும். காலை இறக்கும்போது தலை தரையில் அழுந்தி மோவாய் மேலேறினால் வயிற்றால் தாங்க முடியவில்லை, உடல் வேறு இடத்தில் பலம் தேடுகிறது என்று பொருள். அதே நேரத்தில் கீழ்முதுகும் வளைந்து தரையை விட்டு எழுந்திருக்கும். முழங்காலை மடக்குங்கள், அல்லது மோவாய் அசையத் தொடங்கும் கோணத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். மல்லாந்து படுத்து, தூக்கிய கைகால்களில் எதிரெதிர்க் கையையும் காலையும் மாற்றி மாற்றி மெல்ல இறக்கும் டெட் பக் பயிற்சிக்கும் இதே விதி. கழுத்து வலி உள்ளவர்கள் வயிற்றைப் பலப்படுத்தத் தொடங்க டெட் பக் பெரும்பாலும் பாதுகாப்பான வழி.

பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறையின் ‘ஹண்ட்ரட்’ பயிற்சியில் 5 எண்ணிக்கை மூச்சிழுத்து, 5 எண்ணிக்கை மூச்சுவிட்டு, 10 சுற்று கைகளை அடித்து முடிக்கும்வரை தலை தூக்கியே இருக்கும். புதியவரின் கழுத்துக்கு இது மிக நீளம். முதல் மூன்று சுற்று தலையைத் தூக்கி, அடுத்த சுற்றுகளைத் தலையைத் தரையில் வைத்துச் செய்யுங்கள். உட்கார்ந்து கால்களைத் தூக்கி நிறுத்தும் படகு ஆசனத்தில் உடல் ஏறக்குறைய நிமிர்ந்திருப்பதால் கழுத்துக்குச் சுமை குறைவு. பார்வையைக் கால் விரல்களில் வைத்து, மோவாயைத் துருத்தாமல் இருந்தால் போதும்.

பிளாங்கில் எல்லாம் தலைகீழ். தலை கீழே தொங்குவதால் அதைத் தாங்குவது கழுத்தின் பின்பக்கத் தசைகள். பார்வை இரு முன்கைகளுக்கு நடுவே, தரையில். தலையின் பின்பகுதி, தோள்பட்டைகளுக்கு நடு, இடுப்பின் பின்னெலும்பு ஆகிய மூன்றையும் ஒரு நீளக் கம்பு ஒரே நேரத்தில் தொட்டால் நிலை சரி. கடிகாரத்தைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால் பலருக்குக் கீழ்முதுகும் கூடவே தொய்யும். நேரம் பார்க்கும் கைபேசியை முகத்துக்கு நேர்க்கீழே வையுங்கள். களைத்துத் தலை தொங்கினால் மேல்முதுகு வளைந்து தோள்கள் அமிழும். முழங்காலிட்டுச் சிறு சக்கரத்தை முன்னால் உருட்டும் ஆப் வீல் பயிற்சியிலும் இதே கம்பு விதிதான், தவறினால் முதுகுக்கு வரும் விளைவு மட்டும் இன்னும் கடுமை.

யார் பொறுத்திருக்க வேண்டும்

கையில் இறங்கும் வலி, விரல்களில் மரத்தல் அல்லது ஊசி குத்தும் உணர்வு, பிடிமானம் தளர்தல், தலைசுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிதல், இதுவரை இல்லாத கடுமையான தலைவலி இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இவை களைப்பின் அறிகுறிகள் அல்ல.

எலும்பின் அடர்த்தி குறைந்து பலவீனமாகும் நோயான ஆஸ்டியோபொரோசிஸ் உள்ளவர்கள் முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சிகளையே தவிர்க்க வேண்டும். முள்ளெலும்பு நசுங்கி முறியும் ஆபத்து உண்டு. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) கழுத்தின் மேல் மூட்டுகளைத் தளர்த்தக்கூடும் என்பதால் அது உள்ளவர்களும், கழுத்தில் அறுவை சிகிச்சையோ அடியோ பட்டவர்களும் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குப் பின் நீண்டநேரம் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள் வேண்டாம். பிரசவத்துக்குப் பின் தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடுவில் மேடு எழும்பினால் கிரஞ்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

முதல் நான்கு வாரம்

முதல் வாரம் கிரஞ்சே வேண்டாம். தினமும் தலையசைப்பு 10 விநாடி வீதம் 10 தடவை. ஒன்றுவிட்டு ஒரு நாள் டெட் பக், பக்கத்துக்கு 6 தடவையாக 2 செட். இரண்டாம் வாரம் துவாலை கிரஞ்ச் 8 தடவை, 2 செட், வாரம் மூன்று நாள், தலையசைப்பு தொடரட்டும். மூன்றாம் வாரம் முதல் செட் கைகளைத் தலைக்குப் பின்னால் வைத்து, இரண்டாவது செட் துவாலையோடு. அந்த வாரக் கடைசியில் தலைதூக்கும் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். 20 விநாடி வந்திருந்தால் நான்காம் வாரம் கர்ல்-அப்பை 8 விநாடி வீதம் 5 தடவை சேர்க்கலாம். வரவில்லை என்றால் மூன்றாம் வாரத்தையே திரும்பச் செய்யுங்கள். கழுத்தின் ஆழ்ந்த தசைகள் மெதுவாகத்தான் பழகும், அவசரப்பட்டால் மேலடுக்குதான் முந்திக்கொள்ளும்.

ஒவ்வொரு வாரமும் ஒரு செட்டைப் பக்கவாட்டிலிருந்து படமெடுத்து, முதல் தடவையையும் கடைசித் தடவையையும் நிறுத்தி ஒப்பிடுங்கள். இரண்டிலும் மோவாய்க்கும் மார்புக்கும் உள்ள இடைவெளி ஒன்றாக இருந்தால் அடுத்த வாரம் இரண்டு தடவை கூட்டலாம்.